மறைந்த பிறப்பும் மயக்கும் வாக்கும்

மகாபாரதத்தைப் படிப்போர்க்குக் கர்ணன் குந்தியின் மகன் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றது. கர்ணனுக்கோ அவன் தம்பியர்க்கோ அது நெடுங்காலம் தெரியாது. உண்மையை அறியுமுன் தம்பியர்க்கு எதிராக அவன் வில்லெடுக்கும் போதெல்லாம் நம் நெஞ்சு பதைப்பதற்குக் காரணம், நாம் அறிந்ததை அவன் அறியாதிருப்பதுதான். பிறப்பு மறைக்கப்பட்ட வீரனின் கதையைச் சொல்ல இஃது ஒரு முறை. இதற்கு நேர்மாறான முறையும் ஒன்றுண்டு. பாத்திரங்களுக்கு மட்டுமன்றி வாசகனுக்கும் உண்மையைச் சொல்லாது விட்டு, அதனைக் கண்டுகொள்வதற்கு வேண்டிய குறிப்புக்களை மட்டும் ஆங்காங்கே வைத்துச் செல்வது அது. இம்முறையைப் பெரியதொரு கதைத்தொடரில் கையாண்டவர் அமெரிக்க எழுத்தாளரான ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்.

‘பனியும் நெருப்பும் பற்றிய பாடல்’ என நாம் தமிழிற் சொல்லத்தக்க அவருடைய தொடர் ஏழு நூல்களாகத் திட்டமிடப்பெற்றது. அவற்றுள் ஐந்து 1996 முதல் 2011 வரை வெளிவந்தன. ‘கேம் ஒவ் துரோன்ஸ்’ என்ற பெயரில் 2011 முதல் 2019 வரை அது தொலைக்காட்சி நாடகமாகவும் உலகெங்கும் பரவிற்று. நூலுக்கும் நூலுக்கும் இடையில் ஆண்டுகள் பல கழிந்தமையால், வாசகர்கள் படித்ததையே மீண்டும் மீண்டும் படித்தனர். விடுபட்டவற்றைத் தாமே ஊகித்தனர். அவ்வூகங்களின் வரலாறு வாசிப்பு என்னும் கலையைப் பற்றி நமக்குச் சில பாடங்களைக் கற்பிக்கின்றது.

ஊகங்களுள் முதன்மையானது ஜோன் ஸ்னோ என்னும் இளைஞனின் பிறப்புப் பற்றியது. வடநாட்டுத் தலைவனான நெட் ஸ்டார்க்கின் முறைகேடான மகன் என்றே ஊரார் அவனை எண்ணுகின்றனர். நெட் ஸ்டார்க்கோ மானத்தையே உயிராக மதிப்பவன். அத்தகையோன் மனைவிக்குத் துரோகம் செய்திருப்பானா? இக்கேள்வியே ஊகத்தின் விதை. நெட்டின் கனவிலே, இறந்துகொண்டிருக்கும் தங்கை லயன்னா தோன்றுகிறாள். ஏதோ ஒன்றுக்கு அவனிடம் உறுதி கேட்கிறாள். அவள் கிடக்கும் படுக்கை இரத்தப் படுக்கை எனப்படுகின்றது. அதையொத்த சொல் அதே நூலில் வேறிடத்திற் பிள்ளைப்பேற்றைக் குறிக்கின்றது. அவள் இருந்த கோபுரத்தை அரசனின் மெய்காவலர் மூவர் காத்து நிற்கின்றனர். அரசனும் இளவரசன் ரேகாரும் மாண்டபின்னர் அவர்கள் அங்கே யாரைக் காத்தனர்? முன்னொரு விழாவில் ரேகார் லயன்னாவுக்குச் சூட்டியது நீல ரோஜா மாலை. இரண்டாம் நூலில் வரும் காட்சியொன்றில் பனிச் சுவரின் வெடிப்பிலே நீலப் பூவொன்று மலர்கின்றது. ஜோன் காவல் புரியும் இடம் அத்தகையதொரு பனிச் சுவரே.

இவற்றை இணைத்து நோக்கிய வாசகர்கள், ஜோன் லயன்னாவுக்கும் ரேகாருக்கும் பிறந்தவன் என்று 1990களிலேயே முடிவு கட்டினர். நூல்களை நாடகமாக்க விரும்பி 2006ஆம் ஆண்டில் வந்த டேவிட் பெனியோஃப், டி. பி. வைஸ் ஆகிய இருவரிடமும், ஜோனின் தாய் யார் என்றே மார்ட்டின் வினவினார்; அவர்கள் சரியான விடை கூறினர் என்பது பலரும் அறிந்த செய்தி. 2016இல் நாடகம் அவ்வுண்மையை வெளிப்படையாகவே காட்டிற்று. வாசகர் சிலர் உண்மையை ஊகித்துவிட்டனர் என்பதற்காகக் கதையை மாற்றுவது தகாது என்பதே ஆசிரியரின் நிலைப்பாடு. மாற்றினால் முன்னர் வைத்த குறிப்புக்களெல்லாம் பொய்யாகிவிடும் அல்லவா?

இனி, கதைக்குள்ளேயே வாழும் ‘வாசகர்களை’ நோக்குவோம். அவர்கள் வாசிப்பவை தீர்க்கதரிசனங்கள். செர்சி என்னும் அரசி, சிறுமியாக இருந்தபோது ஒரு குறிகாரியிடம் சென்றவள். இளையவளும் அழகில் மிக்கவளுமான வேறோர் அரசி உன்னை வீழ்த்துவாள், ‘வாலொங்கார்’ உன் கழுத்தை நெரிப்பான் என்பன அவள் கேட்ட வாக்குகள். பழைய மொழியில் அச்சொல்லுக்குத் தம்பி என்பது பொருள். செர்சி தான் வெறுக்கும் தம்பி டிரியனையே அச்சொல் குறிப்பதாக நம்பி, வாழ்நாளெல்லாம் அவனை அஞ்சினாள். அவளுடன் இரட்டையராய், அவளுக்குச் சற்றுப் பின்னர்ப் பிறந்த ஜெய்மியும் தம்பியே என்பது அவள் நினைவுக்கு வரவில்லை. இளைய அரசியை அழிக்க அவள் விரித்த வலையில் இறுதியில் அவளே வீழ்ந்தாள். வாக்கு அவளைக் கெடுத்தது என்பதைவிட, அதனை அவள் வாசித்த முறை கெடுத்தது என்பதே பொருந்தும்.

மெலிசாண்ட்ரே என்னும் பூசாரியும் அத்தகையவளே. உலகை மீட்கும் வீரன் ஸ்டானிஸ் மன்னனே என்று முன்கூட்டித் தீர்மானித்துவிட்டு, நெருப்பிலே அவ்வீரனைத் தேடுகின்றாள். அவளுக்குத் தெரிவது பனி ஒன்றே. ஆங்கிலத்திற் பனியைக் குறிக்கும் ‘ஸ்னோ’ என்ற சொல்லே ஜோனின் குடிப்பெயருமாகும். கண்முன் நிற்கும் விடையை, வேறு விடையை விரும்பும் கண் காண்பதில்லை.

இவர்களிடையே தன் பிழையை உணர்ந்த ஒருவர் உண்டு. நூறு வயதைக் கடந்த அறிஞர் ஏமன், ‘வாக்களிக்கப்பட்ட இளவரசன்’ என்ற பழைய தொடரைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். மூலமொழிச் சொல்லில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை என்பதும், மொழிபெயர்ப்பிலேயே ஆண்பால் புகுந்தது என்பதும் அவருக்கு மரணத் தறுவாயில்தான் புலப்படுகின்றன. இங்கே அத்தொடரைத் தமிழிற் சொன்ன நாமும் ‘அன்’ விகுதி சேர்த்து அதே பிழையைச் செய்தவர்களானோம். மொழிபெயர்ப்பைப் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கதைக்கு வெளியேயுள்ள வாசகர்களும் செர்சியின் வழியிற் செல்லக்கூடும். ஜோனின் மறைபொருள் வெளிப்பட்டபின், அரசகுலத்து இரகசியப் பிள்ளைகளைச் சிலர் பக்கந்தோறும் காணலாயினர். ஐந்தாம் நூலில், இறந்ததாகக் கருதப்பட்ட ரேகாரின் மகன் ஏகோன் தானே என்று சொல்லிக்கொண்டு இளைஞன் ஒருவன் வருகின்றான். அவன் போலி என்றும், பழைய கிளைக்குலமொன்றின் வழித்தோன்றல் என்றும் ஐயுறுவோர், நான்காம் நூலில் வரும் சத்திரக் கதையொன்றைச் சான்று காட்டுவர். வாசலிலே தொங்கிய கருநிற இரும்பு நாகத்தை உடைத்து ஆற்றில் எறிந்தனராம். பின்னாளில் அதன் துண்டு துருவேறிச் செந்நிறமாய்க் கரையொதுங்கிற்றாம். செந்நாகம் அரசகுலத்தின் சின்னம். கருநாகம் அக்கிளைக்குலத்தின் சின்னம். அழகிய ஊகந்தான். எனினும் நாடகம் இவ்விளைஞனை அறவே விட்டுவிட்டது. ஐந்தாம் நூல் விடை கூறாமலே முடிகின்றது.

நல்ல ஊகத்தையும் வீண் ஊகத்தையும் எவ்வாறு பிரித்தறிவது? யார் அரசன் என்று மட்டும் சொல்லும் ஊகம், விடுகதைக்கு விடை சொல்வதோடு நின்றுவிடுகின்றது. ஓர் உள்ளத்தை நமக்குக் காட்டும் ஊகமே இலக்கிய வாசிப்பாகும். ஜோன் லயன்னாவின் மகன் என்று அறிந்தபின் மாறுவது ஜோன் அல்லன். மாறுபவன் நெட் ஸ்டார்க். ரேகாரின் குழந்தைகள் கொலையுண்டதைக் குற்றமாகக் கருதாதவன் அவனுடைய நண்பனான அரசன். அவ்வரசனிடமிருந்து தங்கையின் மகனைக் காப்பதற்காக, மானமே உயிரான அவன் தன் மானத்தையே விலையாகக் கொடுத்தான். மனைவியின் வெறுப்பைத் தாங்கினான்; அவளிடமும் உண்மையைச் சொன்னானில்லை. சிறையிருளில் அவன் ஜோனை நினைந்து வருந்துகின்றான். ஒருமுறை அவனைக் கண்டு பேசக் கூடாதா என ஏங்குகின்றான். பேசாமலே இறக்கின்றான்.

2019இல் நாடகம் முடிந்தபோது, பிறப்பின் உண்மை ஜோனுக்கு அரியணையைத் தரவில்லை. அவன் வடக்கே பனிநிலத்துக்குத் திரும்பினான். முடிசூட்டலுக்காகக் காத்திருந்தோர் பலர் ஏமாந்தனர். அவர்கள் முதல் நூலை எடுத்து நெட்டின் சிறைப் பக்கங்களை மீண்டும் ஒருமுறை படிப்பார்களாயின், தாம் இத்தனை ஆண்டும் தேடியது அங்கேயே இருப்பதைக் காண்பார்கள்.