பெயர் போடாத மஷூரா

மஷூரா என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுவதிலிருந்து பள்ளிவாசலுக்கு மாடி எடுப்பது வரை நாலு பேரைக் கூட்டி, பேசித்தான் முடிவு செய்கிறோம். ஆனால் உட்கார்ந்ததும் நடப்பது என்ன? மூத்த ஹாஜியார் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் அபிப்பிராயத்தைச் சொல்வார். "ஹாஜியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இரண்டு பேர் தலையசைப்பார்கள். கட்டுமானக் கணக்கு தெரிந்த இளைஞர் ஒருவர் மூலையில் இருந்தபடி, 'இந்தத் தொகைக்கு இது கட்டாதே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு டீயைக் குடித்து முடிப்பார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறப்பார். யாருடைய நிய்யத்திலும் குறையில்லை. விஷயம் தெரிந்தவர் சபையில் இருந்தும் அவர் சொல் சபைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடமல்ல. பெரிய அறிஞர்கள் கூடும் இடத்திலும் இதே கதைதான். 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதற்கு டெல்ஃபி முறை என்று பெயர். பண்டைய கிரேக்கத்தில் குறி கேட்கப் போகும் கோயில் இருந்த ஊர் டெல்ஃபி. பெயரைப் பார்த்து இதை ஜோசியம் என்று எண்ணிவிட வேண்டாம். இதில் குறி சொல்லுதல் எதுவும் இல்லை.

முறை எளிது. விஷயம் தெரிந்த சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒரே கேள்விகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவார்கள். யார் எதைச் சொன்னார் என்பது மற்றவருக்குத் தெரியாது. பதிலோடு காரணத்தையும் எழுத வேண்டும். ஒருங்கிணைப்பாளர் எல்லாப் பதில்களையும் தொகுத்து, நடுவில் நிற்கும் கருத்து எது, இரு ஓரங்களிலும் உள்ளவை எவை, சொல்லப்பட்ட காரணங்கள் என்னென்ன என்று பெயர் இல்லாமல் எழுதி எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். அதைப் படித்தவர் தன் பதிலை மாற்றலாம், மாற்றாமல் நிற்கலாம். மற்றவர்களிடமிருந்து வெகுவாக விலகி நிற்பவரிடம், ஏன் என்று சற்று விரிவாகக் கேட்பார்கள். இப்படி இரண்டு மூன்று சுற்றுகள். பதில்கள் இனி நகரவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

இது ஓட்டுப் போடுவதைப் போன்றதல்ல. ஓட்டு தலையை எண்ணுகிறது, காரணத்தைக் கேட்பதில்லை. இங்கே காரணம்தான் கைமாறுகிறது, அதைச் சொன்ன ஆள் மறைந்திருக்கிறார். இன்னொரு நன்மையும் உண்டு. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்ட மனிதர் அதிலிருந்து இறங்கிவர எவ்வளவு தயங்குவார் என்பது நமக்குத் தெரியும். பெயர் தெரியாதபோது கருத்தை மாற்றிக்கொள்வதில் மானக்கேடு இல்லை.

முதல் சோதனையின் பொருள் கொஞ்சம் பயங்கரமானது. பனிப்போர்க் காலம் அது. அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எதிரிக்கு எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும் என்று 7 நிபுணர்களிடம் கேட்டார்கள். முதல் சுற்றில் ஒருவர் 50 என்றார், இன்னொருவர் 5000 என்றார். ஐந்து சுற்றுகள் முடிந்தபோது, நூறு மடங்காக இருந்த அந்த இடைவெளி ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சுருங்கியிருந்தது. அந்தக் கணக்கு சரிதானா என்று யாரும் செய்து பார்க்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சுருங்கினால் போதுமா, சரியாக இருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். 1969இல் டால்கி வெளியிட்ட ஆய்வு அதைத்தான் பார்த்தது. பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைக் கொண்ட குழுக்களிடம், விடை புத்தகத்தில் இருக்கும் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டார்கள். நேருக்கு நேர் பேசிய பிறகு குழுவின் மதிப்பீடு பெரும்பாலும் உண்மையை விட்டு இன்னும் விலகியது. பெயரில்லாமல் சுற்றுக்கு விட்டபோது பெரும்பாலும் உண்மைக்கு அருகில் வந்தது. பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல.

பிள்ளை பெற்றவர்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. வேறு வெளிப்படையான காரணம் இல்லாமல் பேச்சும் மொழியும் சரியாக வளராத குழந்தைகள் இருக்கிறார்கள். அதை ஒரு துறையினர் ஒரு பெயரால் அழைத்தார்கள், இன்னொரு துறையினர் வேறு பெயரால் அழைத்தார்கள். யாருக்கு உதவி தர வேண்டும் என்பதிலும் இழுபறி. ஆக்ஸ்ஃபோர்டின் டோரதி பிஷப் தலைமையில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் நிபுணர்கள் சுமார் 60 பேரை வைத்து டெல்ஃபி முறையில் இதை அலசி, 2016, 2017ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்ற ஒரே பெயருக்குப் பெரும்பாலோர் இசைந்தார்கள். புத்திக்கூர்மைச் சோதனையில் மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒரு குழந்தையை இந்த உதவியிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது என்றும் வந்தது. இன்னொன்று, இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் கவலைப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது: வீட்டு மொழியில் வயதுக்கேற்ப நன்றாகப் பேசும் பிள்ளை பள்ளி மொழியில் தடுமாறினால், அதைக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது.

குறைகளும் உண்டு. ராண்ட் நிறுவனத்திலேயே பணியாற்றிய ஹெரால்ட் சாக்மன் 1974இல் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தார். கேள்வி கோணலாக இருந்தால் எத்தனை சுற்று விட்டாலும் பதில் நேராகாது. யார் நிபுணர் என்று தீர்மானிப்பவர் கையில் பாதி முடிவு இருக்கிறது. 'எல்லோரும் அங்கே நிற்கிறார்கள், நானும் போய்விடுகிறேன்' என்று நகர்பவரும் உண்டு. அதை இசைவு என்று எழுதிவிட்டால் ஏமாற்றம்தான். அதனால் ஒத்துவராமல் நின்ற கருத்தையும் அதன் காரணத்தோடு அறிக்கையில் எழுதி வைக்க வேண்டும்.

கமிட்டிகளில் இதைச் செய்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ள நிவாரணம் போன்ற அவசரத்துக்கு இது உதவாது. சுற்றுக்கு ஒரு வாரமாவது வேண்டும். இரண்டு வீட்டார் மனக்கசப்பைத் தீர்க்கவும் உதவாது, அங்கே முகம் பார்த்துத்தான் பேச வேண்டும். கல்வி உதவித்தொகையை எந்தப் படிப்புகளுக்கு முதலில் கொடுப்பது, ஆம்புலன்ஸ் வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பது போன்றவற்றுக்குப் பொருந்தும். ஆசிரியை, நர்ஸ், கணக்கர் என்று கூட்டத்துக்கு வராதவர்களிடமும், வந்தாலும் பேசாதவர்களிடமும் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தொகுப்பவர் அந்த விஷயத்தில் சொந்த ஆதாயம் இல்லாதவராக இருக்கட்டும். பதில்களை அவர் டைப் செய்துதான் சுற்றுக்கு விட வேண்டும்; நம் முஹல்லாவில் கையெழுத்தைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.