செயின் மாத்தின கார்: ஹெட்டைத் திறந்தாங்களா?

இந்த எபிசோடுக்குக் காரணம் என் நண்பன். ஓசூர் சிப்காட்ல ஷிப்ட் வேலை பார்க்கிறான். அத்திப்பள்ளி பக்கத்துல கே.ஏ. 51 நம்பர்ல ஒரு பழைய டீசல் ஹேட்ச்பேக் பார்த்தான். விலை மார்க்கெட்டைவிட 70,000 ரூபாய் கம்மி. ஏன்னு கேட்டதுக்கு புரோக்கர் ஒளிக்காமலே சொல்லிட்டார்: "ஓடிட்டு இருக்கும்போது டைமிங் செயின் போச்சு. புதுசு போட்டாச்சு, இப்ப வண்டி கல்லு மாதிரி இருக்கு."

நண்பனுக்கு அது 2 வருஷ சேமிப்பு. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு போன் பண்ணினான். நான் கோடு எழுதுறவன், மெக்கானிக் இல்ல. ஆனா பாகலூர் ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். அவரையும் கூட்டிட்டுப் போனோம். அன்னைக்குக் கத்துக்கிட்டதுதான் இது.

முதல்ல, செயின் போனா ஏன் இவ்ளோ பயம்? கிராங்க் ஷாஃப்ட் 2 சுத்து சுத்தினா கேம் ஷாஃப்ட் 1 சுத்து சுத்தணும். அந்தக் கணக்கைப் பிடிச்சு வெச்சிருக்கறது செயின். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்கணும். டீசல் இன்ஜின்ல காத்தை 16, 18 மடங்கு அழுத்தணும்கறதால, பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடமே கிடையாது. செயின் அறுந்தா, இல்ல சில பல்லு தாண்டினா, திறந்திருக்கிற வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், ராக்கர் ஆர்ம் உடையும், சில நேரம் பிஸ்டனே ஓட்டையாகும். ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோன்னு நம்ம ரோட்டுல நிறைய ஓடின 1,248 சிசி ஃபியட் டீசல் இன்ஜினும் செயின் வகைதான். ஆயில் மாத்தாம ஓட்டினா செயின் நீளும். டென்ஷனர் வேலை செய்யறதே ஆயில் பிரஷர்லதான்.

அப்போ கேள்வி "செயின் மாத்தினீங்களா" இல்ல. "ஹெட்டைக் கழட்டினீங்களா?" அண்ணன் முதல்ல கேட்டது இதைத்தான். புரோக்கர் கன்னடமும் தமிழும் கலந்து ஏதோ சொன்னார். பில் வாங்கிப் பார்த்தா செயின், டென்ஷனர், கைடு, லேபர் மட்டும் இருக்கு. ஹெட் கேஸ்கெட் இல்ல, வால்வு இல்ல. கேஸ்கெட் மாத்தாம ஹெட்டைத் திறந்து மூட முடியாது. அதனால யாரும் உள்ள பார்க்கவே இல்லன்னு பில்லே சொல்லிடுச்சு.

அண்ணன் பானெட் மேல கையை வெச்சார். சூடா இருந்துச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. "நாளைக்குக் காலையில வரோம், அதுவரை தொடாதீங்க"ன்னு திரும்பிட்டோம். மறுநாள் 6.30 மணி. ஓசூர் குளிர் இதுக்கு நல்ல உதவி. வால்வு சரியா உட்காரலைன்னா கம்ப்ரஷன் குறையும். குளிர்ல அந்த சிலிண்டர்ல டீசல் பத்தாது. வண்டி நடுங்கும், டீசல் வாடையோட வெள்ளைப் புகை வரும். சூடானதும் ஓரளவு அடங்கிடும். அப்படியேதான் நடந்துச்சு.

நான் என் பங்குக்கு ஓ.பி.டி. டாங்கிளை சொருகினேன். ஒரு எரர் கோடும் இல்ல. ஆனா ரெடினெஸ் மானிட்டர் பாதிக்கு மேல "முடியவில்லை"ன்னு காட்டுச்சு. அப்படின்னா சமீபத்துல கோடுகளை யாரோ அழிச்சிருக்கலாம், இல்ல பேட்டரியைக் கழட்டியிருக்கலாம். லாகை டெலீட் பண்ணிட்டு பக் போயிடுச்சுன்னு சொல்ற டெவலப்பர்களை நானும் பார்த்திருக்கேன்!

அப்புறம்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். லேபரை நாங்களே தரோம்னு சொன்னதால சம்மதிச்சாங்க. டீசலுக்குத் தனி கேஜ் வேணும், பெட்ரோல் கேஜ் தாங்காது. 4 சிலிண்டர்ல வந்தது: 380, 390, 250, 385 பி.எஸ்.ஐ. நம்பர் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். நாலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் முக்கியம். மூணாவது சிலிண்டரை 2 வால்வும் மூடற நிலையில நிறுத்தி, கம்ப்ரசர் காத்தை உள்ள விட்டார். ஆயில் மூடி வழியா காத்து வந்தா பிஸ்டன் ரிங். ரேடியேட்டர்ல குமிழ் வந்தா கேஸ்கெட். ஏர் ஃபில்டர் பக்கம் வந்தா இன்டேக் வால்வு. எங்களுக்கு சைலன்சர்ல உஸ்ஸுன்னு கேட்டுச்சு. எக்ஸாஸ்ட் வால்வு.

இன்னொண்ணு எனக்குத் தோணவே இல்ல. செயின் போகும்போது பிளாஸ்டிக் கைடு உடைஞ்சு துண்டுகள் ஆயில் சம்ப்ல விழும். பம்ப்போட வடிகட்டியில போய் அடைச்சா பேரிங்குக்கு ஆயில் போகாது. சம்ப்பைக் கழட்டி சுத்தம் பண்ணாம செயின் மட்டும் மாத்தினா, அடுத்து போறது கிராங்க்.

வால்வு, ஹெட் மெஷினிங், கேஸ்கெட், சம்ப்னு கூட்டிப் பார்த்தா அந்த 70,000 அங்கேயே காலி. அதுக்கு மேல கர்நாடக ஆர்.டி.ஓ.ல என்.ஓ.சி. வாங்கி, டி.என். 70க்கு மாத்தி, இங்க ஒருதரம் வரி கட்டணும். நண்பன் அட்வான்ஸ் கொடுக்கல. "அதெல்லாம் நல்லாவே ஓடும் சார்"னு புரோக்கர் கொஞ்சம் கோபமாவே சொன்னார்.

போன வாரம் அதே காரைக் கிருஷ்ணகிரியில ஒரு விளம்பரத்துல நண்பன் பார்த்தான். செயின் பத்தி ஒரு வார்த்தை இல்ல. விலை 40,000 ஏறியிருந்துச்சு.