74 வயதில் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள்... ஸ்டீவ் ஹாக்கெட்டின் ஆல்பம் சொல்லும் கதை என்ன?

ஒரு பாட்டைப் பத்து விநாடி கேட்டுவிட்டு 'ஸ்கிப்' அடிக்கிற காலம் இது. இந்த நேரத்தில் போய், 13 டிராக்குகளையும் வரிசையாகக் கேட்டால்தான் முழுசாகப் பிடிபடும் என்கிற மாதிரி ஓர் ஆல்பத்தைக் கொண்டுவந்தார் இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட். பெயர், 'தி சர்க்கஸ் அண்ட் தி நைட்வேல்'. 2024 பிப்ரவரி 16-ல் வெளியானது. அதற்கு நான்கு நாள் முன்புதான் அவருக்கு 74 வயது நிறைந்தது. தனி ஆல்பங்களின் கணக்கில் இது 30-வது.

யார் இந்த ஹாக்கெட்?

1970-ன் கடைசியில், தனக்கேற்ற இசைக்குழு வேண்டும் என்று 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார் ஹாக்கெட். அதைப் பார்த்துக் கூப்பிட்டவர் 'ஜெனிசிஸ்' குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல். 1971 முதல் 1977 வரை அந்தக் குழுவின் லீட் கிட்டார் இவர்தான். கிட்டாரின் கழுத்துப் பகுதியில் இரண்டு கை விரல்களாலும் தட்டி வாசிக்கும் 'டேப்பிங்' உத்தியை எடி வேன் ஹேலன் 1978-ல் உலகப் புகழாக்கினார். ஹாக்கெட் அதை 1971-லேயே ரெக்கார்டில் வாசித்துவிட்டார்.

ஜெனிசிஸ் வாசித்தது 'புராக்ரெசிவ் ராக்'. மூன்று நிமிடப் பாட்டு என்ற கட்டுப்பாட்டை உதறிவிட்டு, மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டார் இசை என்று எல்லாவற்றையும் ராக்கில் கலந்த பாணி அது. 1972-ல் வந்த அவர்களுடைய 'சப்பர்ஸ் ரெடி' என்ற ஒரே பாட்டு சுமார் 23 நிமிடம் ஓடும்!

கான்செப்ட் ஆல்பம் என்றால்?

ஆல்பம் முழுக்க ஒரே கதை, அல்லது ஒரே கரு. சினிமா பாட்டு கேட்டுப் பழகிய நமக்குப் பாட்டின் கதை வேறு இடத்தில், படத்தில் இருக்கும். இங்கே படம் கிடையாது. பாட்டுகளின் வரிசையே படம். ஷஃபிளில் போட்டால் கிளைமாக்ஸ் முதலில் வந்து நிற்கும்.

இந்தக் கதையின் நாயகன் பெயர் ட்ராவ்லா. பயணி என்ற பொருள்படும் 'டிராவலர்' சொல்லோடு விளையாடிய பெயர். ஆனால் பாதி ஹாக்கெட்டேதான். முதல் பாட்டான 'பீப்பிள் ஆஃப் தி ஸ்மோக்' பழைய ரேடியோ ஒலியோடும் குழந்தையின் அழுகையோடும் தொடங்கி நீராவி ரயிலில் ஏறுகிறது. 'தி ஸ்மோக்' என்பது லண்டனுக்குப் பேச்சு வழக்கில் உள்ள பட்டப்பெயர்.

அது சும்மா வந்த பெயரல்ல. ஹாக்கெட் 1950-ல் பிறந்த பிம்லிகோவுக்கு எதிரே, தேம்ஸ் நதியின் அக்கரையில், நிலக்கரியில் ஓடிய பேட்டர்சீ மின் நிலையம் புகை கக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு இரண்டு வயதானபோது, 1952 டிசம்பரில், ஐந்து நாள் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அன்றைய மதிப்பீடு சுமார் 4,000. பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. தூய காற்றுச் சட்டம் வந்ததே 1956-ல்தான். போர் முடிந்து ஐந்தே வருடத்தில் பிறந்த ஒரு லண்டன் பையனின் உலகம் அது. ஆல்பத்தின் வலுவான பகுதியும் இந்தக் குழந்தைப் பருவம்தான்.

சர்க்கஸ் எங்கே வருகிறது?

வளர்ந்த ட்ராவ்லா சர்க்கஸ் வளையத்துக்குள் நுழைகிறான். முதலில் வெளிச்சம், கைதட்டல். பிறகு மூச்சு முட்டி, 'கெட் மீ அவுட்' என்று கத்துகிற நிலை. ஜெனிசிஸ் என்ற பெயரைக் கதை உச்சரிப்பதில்லை. ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கேப்ரியல் நரித்தலை முகமூடியும் சிவப்பு கவுனும் மாட்டிக்கொண்டு மேடையில் திரிந்த 1970-களில், ஓரமாக உட்கார்ந்தபடி கிட்டார் வாசித்தவர் ஹாக்கெட். அவர் எழுதியவற்றுக்குக் குழுவில் போதிய இடம் கிடைக்கவில்லை. குழு ஒதுக்கிய 'ப்ளீஸ் டோன்ட் டச்' என்ற பாட்டு, அவர் வெளியேறிய பிறகு 1978-ல் அவருடைய தனி ஆல்பத்தின் தலைப்பாகவே ஆனது.

சர்க்கஸிலிருந்து தப்பியவனைக் கடலில் திமிங்கிலம் விழுங்குகிறது. பெரிய மீன் விழுங்கிய யோனாவின் கதை பைபிளில் உண்டு. குர்ஆனில் அவர் யூனுஸ் நபி. இங்கே திமிங்கிலம் என்பது மனதின் இருட்டு. அதிலிருந்து ட்ராவ்லாவை வெளியே கொண்டுவருவது காதல். பாடல் வரிகளில் மனைவி ஜோ ஹாக்கெட்டின் பங்கு இருப்பதையும் சேர்த்துக் கேட்டால், அந்தக் காதல் யாரைப் பற்றியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. 'ஆல் அட் சீ' இரண்டு நிமிடம்கூட இல்லை. தலைப்பிலேயே இருக்கும் திமிங்கிலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

இப்போது ஏன்?

ஹாக்கெட்டின் கச்சேரிகள் பல வருடங்களாக இரண்டு பகுதிகளாக நடக்கின்றன. ஒன்றில் தனி ஆல்பப் பாட்டுகள், இன்னொன்றில் ஜெனிசிஸ் பாட்டுகள். பலர் டிக்கெட் எடுப்பது இரண்டாவதுக்காக என்பது அவருக்கும் தெரியும். பழசை மட்டும் வாசித்தே வசதியாக ஓட்டிவிடலாம். 50 வருடத்துக்கு முந்தைய தன் நிழலோடுதான் அவர் ஒவ்வொரு இரவும் மேடையைப் பகிர்ந்துகொள்கிறார். அந்த நிலையில் அவர் தன் வாழ்க்கையையே கச்சாப்பொருளாக எடுத்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மற்றவர்கள் சொன்ன ஜெனிசிஸ் வரலாறுகளில் அவர் ஒரு துணைப் பாத்திரம். இதில் கதையே அவருடையது.

எப்படிக் கேட்பது?

மொத்தம் சுமார் 45 நிமிடம், ஆபீஸ் போய்ச் சேரும் நேரம். ஏழு நிமிடத்தைத் தொடும் பாட்டு ஒன்றுகூட இல்லை என்பதால், புராக் ராக் என்றாலே நீளம் என்று பயப்பட வேண்டாம். ஷஃபிளை ஆஃப் செய்துவிட்டு, ஹெட்போனில் கேளுங்கள். 'சர்கோ இன்ஃபெர்னோ'வில் அஜர்பைஜான் கலைஞர் மாலிக் மன்சுரோவ் வாசிக்கும் 'தார்' என்ற நரம்பு வாத்தியத்தைத் தவறவிடாதீர்கள். கடைசி டிராக்கான 'வைட் டவ்'வில் பாட்டும் இல்லை, டிரம்ஸும் இல்லை. நைலான் தந்தி கிட்டார் மட்டும்.