மறுபதிப்பு இசைத்தட்டும் துறைமுக நகரின் ஈரக்காற்றும்

ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்போர் நாடும் உயர்தர மறுபதிப்பு என்பது, மூல ஒலிநாடாவை மீண்டும் இயக்கி, அரக்குப் பூசிய தகட்டில் புதிதாகப் பள்ளம் வெட்டி, அதிலிருந்து எடுத்த உலோக அச்சால் வினைல் என்னும் நெகிழியை அழுத்தி வார்ப்பதாகும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பம் 1959இல் பதிவானபோது ஒரு நாடாப்பொறி சற்றே மெதுவாக ஓடியதால், முதற்பக்கத்தின் 3 உருப்படிகளும் தட்டில் சுருதி கூடி ஒலித்தன. 1992இல்தான் மாற்று நாடாவைக் கொண்டு அப்பிழை திருத்தப்பட்டது என்பதால், இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை பழைய பதிப்பைவிடத் திருத்திய மறுபதிப்பே கலைஞர்கள் வாசித்ததற்கு நெருக்கமானது.

ஆனால், ஈரக்காற்று வீசும் இலங்கையின் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இத்தகைய இசைத்தட்டுகளைப் பேணுவது எளிதன்று. வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் அட்டை உறையில் படரும் பூஞ்சணம் பள்ளங்களுக்குள் புகுந்து, ஊசி ஓடுகையில் பொரிவொலியாக எழும் என்பதால், தட்டுகளைச் சுவரை ஒட்டாமல் நிமிர்த்தி வைப்பதும், காய்ச்சி வடித்த நீரால் பள்ளத்தின் போக்கிலேயே துடைப்பதும் இன்றியமையாதன.