பருவகாலம் என்னும் சொல்லும் பணியிட விபத்தும்: நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளை முன்வைத்து

முன்னுரை

இரும்பு, எஃகு சார்ந்த பணியிட விபத்துகள் என்றதும் உலைக்களமும் வார்ப்பாலையும் நினைவுக்கு வரும், தேயிலை வருவதில்லை. ஆயினும் நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் பச்சை இலையைத் தூளாக்குபவை பெரும்பாலும் பற்கள் வெட்டப்பட்ட எஃகு உருளைகளே. அவ்வுருளையில் விரலை இழக்கும் தொழிலாளியும், மலையடிவாரத்தைத் தாண்டிக் கோயம்புத்தூர் வார்ப்பாலையொன்றில் அதே விரலை இழக்கும் தொழிலாளியும் சட்டத்தின் முன் ஒன்றாகவே நிற்கின்றனரா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உருளையின் இயக்கம்

வாட்டப்பட்ட இலை சி.டி.சி. இயந்திரத்திற்குச் செல்கிறது. நசுக்குதல், கிழித்தல், சுருட்டுதல் ஆகிய மூன்று செயல்களின் ஆங்கில முதலெழுத்துகளே இப்பெயர். இம்முறை 1930களில் அசாமில் உருவானது. இணையாகப் பொருத்தப்பட்ட இரு எஃகு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழல்கின்றன. ஒன்றின் வேகம் மற்றதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. இவ்வேக வேறுபாடே இலையைக் கிழிக்கிறது. இடையில் கை அகப்பட்டால் கையையும் அவ்வாறே கிழிக்கும். உள்நோக்கிச் சுழலும் உருளைகள் பொருளைத் தாமே இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. விரல்நுனி பட்ட பிறகு கையைப் பின்னிழுக்க நேரம் இருப்பதில்லை.

இலைச்சாறு பிசுபிசுப்பானது. பற்களின் இடுக்கில் அது நாரோடு படிந்துவிடுவதால் உருளைகளை அடிக்கடி சுத்தம் செய்தாக வேண்டும். அப்போது மூடி அகற்றப்படுகிறது. மின்விசையை நிறுத்திய பின்னரும் கனத்த உருளை சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே இலை அரைபடும் நேரத்தைக் காட்டிலும் சுத்தம் செய்யும் இடைவெளியிலேயே ஆபத்து மிகுதி எனலாம். உலர்த்தும் அடுப்பின் வெம்மை, ஈரத் தரையில் வழுக்குதல், சலிப்பறையின் தூசு ஆகியவையும் உண்டு எனினும் அவை இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு அமைக்குமாறு பணித்தது. ஓடும் இயந்திரத்தருகே செய்யும் வேலைகளை 22ஆம் பிரிவு வரையறுத்தது. ஆனால் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் மற்றொரு வாசகமும் உண்டு. பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே அகற்றியதால் விபத்து நேர்ந்தது எனில், மரணமோ நிரந்தர முழு ஊனமோ விளையாதவிடத்து, முதலாளிக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை. மூடியை அகற்றாமல் உருளையைச் சுத்தம் செய்ய இயலாது என்பதையும், விரலிழப்பு முழு ஊனமாகக் கொள்ளப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வாசகத்தின் கடுமை விளங்கும்.

ஒரு விரலின் கணக்கு

முழு ஆள்காட்டி விரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு என இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை மதிப்பிடுகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், கொள்ளும் அளவும் அதே 14தான். வேறுபாடு பணம் வந்துசேரும் வழியில் உள்ளது.

விளக்கத்திற்காக, 40 வயதான, மாதம் 10,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவரைக் கொள்வோம். இழப்பீட்டுச் சட்டப்படி ஊதியத்தின் 60 விழுக்காட்டை அவ்வயதுக்குரிய காரணியான 184.17ஆல் பெருக்கினால் 11,05,020 ரூபாய். அதில் 14 விழுக்காடு 1,54,703 ரூபாய். இத்தொகை ஒரே முறை கிடைக்கும். அதனை முதலாளியிடமிருந்து பெற வேண்டும். அவர் மறுத்தால் ஆணையர் முன் வழக்காட வேண்டும். இ.எஸ்.ஐ. வழியிலோ ஊதியத்தின் 90 விழுக்காட்டில் 14 விழுக்காடு, அதாவது மாதம் ஏறத்தாழ 1,260 ரூபாய், வாழ்நாள் முழுவதும் காப்பீட்டுக் கழகத்திடமிருந்து வரும். வட்டியைக் கருதாமல் கணக்கிட்டால் பத்தாண்டும் மூன்று மாதமும் கடந்ததும் இது முந்தைய தொகையை விஞ்சிவிடும். மருத்துவமும் காப்பீட்டிற்குள் அடங்கும்.

சட்டத்தின் பருவமும் மலையின் பருவமும்

இவ்விரு வழிகளில் வார்ப்பாலைத் தொழிலாளிக்கு இரண்டாவதும் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு முதலாவதும் வாய்ப்பதற்குக் காரணம் ஒரு சொல். இ.எஸ்.ஐ. சட்டம் ‘பருவகாலத் தொழிற்சாலை’களுக்குப் பொருந்தாது. பருத்தி அரைவை, சர்க்கரை, காப்பி, ரப்பர் முதலியவற்றோடு தேயிலை உற்பத்தியும் அப்பட்டியலில் பெயர் சுட்டி வைக்கப்பட்டுள்ளது. ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மிகாமல் இயங்க வேண்டும் என்னும் வரம்பு தேயிலையைக் கலத்தல், பொதிதல் போன்ற பணிகளுக்கு உண்டு. தேயிலை உற்பத்திக்கு இல்லை. பன்னிரண்டு மாதங்களும் இயங்கினாலும் அது சட்டத்தில் பருவகாலத் தொழிற்சாலையே.

நீலகிரியில் இலை ஆண்டு முழுவதும் பறிக்கப்படுகிறது. உறைபனி விழும் மாதங்களில் வரத்து குறையும், மழைக்குப் பின் பெருகும். உருளைகள் மாதக்கணக்கில் ஓய்வதில்லை. மலையில் வாழ்பவர் எவரும் தேயிலையைப் பருவகாலத் தொழில் என்று சொல்லக் கேட்டதில்லை.

பெருந்தோட்டங்களில் இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்கீழ்த் தோட்ட மருத்துவமனை இருந்தது. அச்சட்டமும் தோட்டத்திற்குள் அமைந்த தொழிற்சாலையைத் தன் வரையறையிலிருந்து விலக்கியே வைத்தது. தோட்டமே இல்லாமல் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள் நீலகிரியில் மிகுதி. மலையில் இவற்றைப் ‘பாட் லீப்’ தொழிற்சாலை என்பர். அங்கு உருளையருகே நிற்பவருக்குத் தோட்ட மருத்துவமனையும் இல்லை, இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இல்லை. சில உரிமையாளர்கள் தாமாகவே தனிக் காப்பீடு எடுத்திருக்கக்கூடும். இங்குச் சுட்டப்படுவது சட்டவழி உரிமை மட்டுமே.

2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இழப்பீட்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. பருவகாலத் தொழிற்சாலை என்னும் வரையறை, தேயிலையோடு சேர்த்து, அதிலும் தொடர்கிறது. தோட்ட உரிமையாளர் விரும்பினால் காப்பீட்டுக் கழகத்தில் இணையலாம் என்பதே புதிதாகச் சேர்ந்தது. அவ்விருப்பம் தொழிலாளிக்கு உரியதன்று. தோட்டமே இல்லாத ‘பாட் லீப்’ தொழிற்சாலைக்கு அவ்வாசகத்தில் இடமும் இல்லை.