முன்சக்கரம் உதறுகிறதா? முதலில் விசாரியுங்கள்!



உங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று இருக்கிறதா? அத்தா வாங்கிய அம்பாசிடராகவோ, மாமா விட்டுச் சென்ற பத்மினியாகவோ, சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய மாருதி 800 ஆகவோ அது இருக்கலாம். இம்மூன்றும் இன்று புதிதாகக் கிடைப்பவை அல்ல. பத்மினியின் உற்பத்தி 2000ஆம் ஆண்டையொட்டி நின்றுவிட்டது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றது. எனினும் காரைக்குடி, தேவகோட்டை வீதிகளில் இவற்றை இன்றும் காணலாம்.

இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்போரிடம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் உதறுகிறது, எதை எதையோ மாற்றிவிட்டோம், போகவில்லை" என்பதே அது. நானும் இவ்வாறு முறையிட்டவன்தான். பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்வது பயனுடையதாக இருக்கும் என்று கருதுகிறேன்.

எங்கள் அம்பாசிடர் அத்தா காலத்தது. அவர் மறைந்த பிறகு ஆண்டில் பெரும்பகுதி அது கொட்டகையிலேயே நிற்கும். நிக்காஹ், மௌத்து, மருத்துவமனை என்றால் மட்டுமே வெளியே வரும். சென்ற ஆண்டு என் தாயாரைக் கண் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்றேன். திருப்பத்தூரைத் தாண்டி, வேகம் 65 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையில் உதறத் தொடங்கியது. 60க்குக் கீழே இறங்கினால் அடங்கியது. மீண்டும் ஏறினால் மீண்டும் உதறியது. பின்னிருக்கையில் இருந்த தாயார், "என்னத்தா, வண்டிக்கும் குளிர்காய்ச்சலா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் மேலூர் வருவதற்குள் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப்களைத் தேடிப் போனேன். ஓரிடத்தில் வீல் பேலன்சிங் செய்தார்கள். இன்னோரிடத்தில் டை ராட் எண்டுகளை மாற்றினார்கள். மூன்றாமிடத்தில் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் புதிதாயின. ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கரைந்தது. உதறலோ அப்படியே இருந்தது. அவர்களில் எவரும் என்னை ஏமாற்றவில்லை. தத்தம் அனுபவத்தில் தோன்றியதைச் செய்தார்கள். ஆனால் ஒருவரேனும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்காமல் சொல்லவில்லை!

கடைசியாக, வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "பாய், முதலில் உட்காருங்கள். வண்டியைப் பிறகு பார்ப்போம். நீங்கள் சொல்லுங்கள்" என்றார். பாடம் ஒப்பிக்கத் தடுமாறும் மாணவனிடம் காரணம் கேட்காமல் பிரம்பை எடுக்கும் ஆசிரியரின் தவற்றை நான் அறிவேன். அதே தவற்றை என் வண்டிக்குச் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் கேட்ட கேள்விகள் நான்கு. அவற்றின் காரணங்களோடு இங்கே தருகிறேன்.

எந்த வேகத்தில் உதறுகிறது?

அம்பாசிடரின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் நகர்கிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் வினாடிக்கு 9 முறைக்கு மேல் சுற்றும். ரிம்மின் ஓரத்தில் ஒருபுறம் 50 கிராம் எடை கூடியிருந்தாலும், அவ்வேகத்தில் அது சுமார் 3 கிலோ எடைக்குச் சமமான விசையாகச் சக்கரத்தைச் சுற்றுக்குச் சுற்று மாறி மாறி இழுக்கும். வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். அச்சு, ஸ்பிரிங், டயர் ஆகியவற்றுக்கென்று இயல்பான ஓர் அதிர்வு உண்டு. சக்கரத்தின் சுழற்சி அதனோடு ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் பெருகுகிறது. அதைத் தாண்டினால் குறைவதும் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலிலேயே அது உயர்வதைப் போன்றதே இது. ஆகவே, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் உதறல் முதலில் சுட்டுவது சக்கரத்தையும் டயரையுமே.

மாறாக, வண்டி நிற்கும்போதே, என்ஜின் ஓட்டத்துக்கு ஏற்ப அதிர்வு வந்தால் என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள்; சக்கரத்தை நோவாதீர்கள்.

எங்கே உணர்கிறீர்கள்?

கையில் ஸ்டியரிங் உதறினால் குறை பெரும்பாலும் முன்சக்கரங்களில் இருக்கும். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களையும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் ஐயுற வேண்டும். அம்பாசிடரும் பத்மினியும் பின்சக்கரத்தால் உந்தப்படுபவை. அந்த ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்தால் காலடியில் அதிர்வு தெரியும். மாருதி 800 முன்சக்கரத்தால் இழுக்கப்படுவது. அதில் திருப்பத்தில் 'டக் டக்' என்ற ஓசையோ, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுக்கமோ வந்தால் முன் ஆக்சில் மூட்டுகளைச் சோதிக்க வேண்டும்.

என்ன செய்யும்போது உதறுகிறது?

பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிரம் அல்லது டிஸ்க் வட்டம் தவறியிருக்கலாம். பள்ளத்தில் விழுந்தெழுந்த பிறகு சற்று நேரம் உதறி அடங்கினால், மூட்டுகளிலோ ஷாக் அப்சார்பரிலோ தளர்ச்சி இருக்கலாம். இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. அதிகாலையில், ஆளரவமற்ற நேரான சாலையில், உதறும் வேகத்துக்குச் சென்று, கிளட்சை மிதித்துச் சிறிது தூரம் வண்டியை உருள விடுங்கள். உதறல் தொடர்ந்தால் என்ஜினுக்கு அதில் பங்கில்லை. என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகள் உண்டு.

வண்டி எத்தனை நாள் நின்றது?

என்னைத் திகைக்க வைத்த கேள்வி இதுவே. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே திறப்பவை. அவ்வீட்டு வண்டிகளும் அப்படியே. ஓடாத வண்டியின் டயர் தேய்வதில்லை, ஆனால் மூப்படைகிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகும். புறப்பட்ட சில கிலோமீட்டர்களில் டயர் சூடேறி உதறல் மறைந்தால் காரணம் அதுவே எனலாம். மறையாவிட்டால் மூப்பை ஐயுற வேண்டும். வெயிலிலும் வயதிலும் ரப்பர் இறுகி, உள்ளே இழை அடுக்குகள் பிரியத் தொடங்கும். பட்டன் ஆழமாக இருப்பதால் பார்வைக்குப் புதிதாகவே தோன்றும்! டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

விடைகளைக் கேட்டுக்கொண்ட பெரியவர் பிறகே எழுந்தார். பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்கி வைத்தார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். ஆட்டம் இருந்து, பிரேக் மிதித்ததும் அது நின்றால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னிலோ பால் ஜாயிண்டிலோ என்றார். இடமும் வலமுமாக அசைத்து டை ராட் எண்டைப் பார்த்தார். அம்பாசிடரில் இருப்பது ரேக் ஸ்டியரிங். ஆதலால் அதன் பிடிமானத்தையும் பார்த்தார். பத்மினியாக இருந்தால் ஸ்டியரிங் பாக்ஸையும் ஐட்லரையும் பார்க்க வேண்டும் என்றார். எதிலும் ஆட்டம் இல்லை.

அடுத்து முன்சக்கரங்கள் இரண்டையும் பின்னே மாட்டி, ஓட்டி வரச் சொன்னார். ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. என் இருக்கை அதிர்ந்தது! குற்றவாளி வண்டியில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறான் என்பது செலவின்றித் தெளிவாயிற்று. சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு பென்சிலை டயருக்கு அருகே அசையாமல் பிடித்தார். ரிம் நேராகச் சுழன்றது. இடப்பக்க டயரின் பட்டனோ ஓரிடத்தில் பென்சிலைத் தொட்டுத் தொட்டு விலகியது. "கையை வைத்துப் பாருங்கள் பாய்" என்றார். உட்புற ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு புடைப்பு உள்ளங்கைக்குத் தெரிந்தது. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தது.

பேலன்சிங் ஏன் இதைத் தீர்க்கவில்லை? சாதாரண பேலன்சிங் இயந்திரம் எடையின் சமநிலையை அளக்கிறது. டயர் வட்டமாக இருக்கிறதா என்பதை அளப்பதில்லை. ஈயக்கட்டி எடையைச் சரிசெய்யும், புடைப்பைச் சரிசெய்யாது. பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. அலைன்மென்ட் தவறினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும், டயர் ஒருபக்கம் தேயும். உதறலுக்கு அதை மட்டும் செய்து பயனில்லை.

"இந்த டயரோடா அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போனீர்கள்?" என்று பெரியவர் கேட்டபோது எனக்கு விடை கூற நா எழவில்லை. அடுக்குப் பிரிந்த டயர் வேகத்தில் வெடிக்கக் கூடியது. முன்சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்பது அரிது. புதிய ஷாக் அப்சார்பர்களுக்கு நடுவே அந்த ஆபத்து பத்திரமாகச் சுழன்றுகொண்டிருந்தது. தேவையற்றதை மாற்றியதால் பணம் மட்டுமா வீணாயிற்று? 'எல்லாம் புதிது' என்ற பொய்யான நிம்மதியும் வந்து சேர்ந்தது. அதுவே பெரிய ஆபத்து.

எனவே வாசகர்களே, செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கிச் செல்லுங்கள். முதலில் காற்றழுத்தம். அடுத்து சக்கர நட்டுகளின் இறுக்கம். பிறகு ரிம்மின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்த சேறு. அதுவும் உதறலுக்குப் போதும். அதன்பின் டயரின் வயதும் புடைப்பும். ஒரே அச்சில் ஒருபுறம் நைலான் டயர், மறுபுறம் ரேடியல் டயர் என்று கலந்து மாட்டாதீர்கள். பிறகு சக்கரங்களை முன்பின் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகே பேலன்சிங், அதன்பின் மூட்டுகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒருசேர மாற்றினால் எது தீர்த்தது என்பதை எவராலும் அறிய முடியாது. டை ராட் எண்டிலோ பால் ஜாயிண்டிலோ ஆட்டம் கண்டுவிட்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

முன்பக்கத்துக்கு இரண்டு புதிய டயர்கள் மாட்டி, தாயாரை மீண்டும் மதுரைக்கு அழைத்துச் சென்றேன். திருப்பத்தூரைத் தாண்டி வேகமானி 65ஐக் கடந்தது. கையில் உதறல் இல்லை. கண்ணாடியில் பின்னே பார்த்தேன். தாயார் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்!

நம்மை நம்பி ஏறி அமரும் பெற்றோரும் பிள்ளைகளும் வண்டியைச் சோதித்துப் பார்த்தா ஏறுகிறார்கள்? அவர்களுக்காகச் சோதிக்க வேண்டியவர்கள் நாமே. அடுத்த பயணத்துக்கு முன், கொட்டகைக்குச் சென்று நான்கு டயர்களையும் ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.