கசியும் ஹைட்ராலிக் சிலிண்டருக்குத் தோல் வாஷர் போடலாமா?

டிப்பிங் டிரெய்லரில் எரு ஏற்றித் தூக்கும்போது சிலிண்டரின் கழுத்தில் எண்ணெய் கசிந்து வழிவதைப் பல விவசாயிகள் கண்டிருப்பீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒரு துண்டுத் தோலை வட்டமாக வெட்டிச் செருகினால் போதும் என்று தோன்றுவது இயல்பே.

இவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. இங்கிலாந்தில் ஜோசப் பிரமா 1795இல் காப்புரிமை பெற்ற நீரழுத்த இயந்திரத்தில் கசிவை அடக்கியது தோல் வளையமே. நம் ஊர்களின் இந்தியா மார்க் 2 கைப்பம்பிலும் முதலில் தோல் பக்கெட் வாஷரே இருந்தது. நைட்ரைல் ரப்பர் பின்னர் வந்தது. ஆனால் அவை அச்சில் அழுத்திக் கிண்ணம்போல் வளைத்த தோல்கள். அழுத்தம் ஏற ஏற அவற்றின் உதடு இறுகப் பற்றும். தட்டையாக வெட்டிய செருப்புத் தோலுக்கு அந்த உதடு ஏது? டிராக்டர் ஹைட்ராலிக்கில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். தோல் நைந்து, அதன் நார் எண்ணெயில் கலந்து வால்வையும் அடைக்கும். எனவே ரப்பர் அல்லது பாலியூரித்தேன் யு-சீல்தான் வாங்க வேண்டும்.

கசியும் இடத்தை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். மயிரிழைத் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் சருமத்தைத் துளைத்து உள்ளே புகும். வலி குறைவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பதே முறை. தூக்கிய தொட்டியின்கீழ் இரும்புத் தாங்கி கொடாமல் தலையை நீட்டுவது உயிருக்கு ஆபத்து. செங்கல் அடுக்கு தாங்காது.

வெளியே கசிவில்லாமல் பாரம் தானே இறங்கினால் கோளாறு வால்விலோ பிஸ்டன் சீலிலோ இருக்கும். அதைப் பட்டறையில் காட்டுவது நன்று.

கழுத்தில் கசிந்தால், எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் தள்ளி அழுத்தத்தைப் போக்கிய பின்பே ஹோஸைக் கழற்றவும். சிலிண்டரை வெளியே எடுத்து, மண்ணைத் துடைத்துவிட்டுக் கிளாண்ட் நட்டைத் திறக்கவும். ராடின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் கீறல் உண்டு; லேத் பட்டறையில் அதைச் சரிசெய்யாமல் போடும் புதுச் சீல் சில நாட்களில் கிழியும். செலவை மிச்சம் பிடிப்பதாக எண்ணிப் பலர் தவறுவது இங்கேதான்.

பழைய சீலையும் கையோடு கடைக்குக் கொண்டு செல்லுங்கள். புதியதை அதே ஹைட்ராலிக் எண்ணெயில் நனைத்து, உதடு எண்ணெய் அழுத்தம் வரும் உட்புறத்தை நோக்குமாறு பொருத்த வேண்டும். திருப்பிப் போட்டால் கசிவு நிற்காது.

பொருத்திய பின் வெறும் தொட்டியைச் சில முறை தூக்கி இறக்கிக் காற்றைப் போக்கி, முழுவதும் இறக்கிய நிலையில் எண்ணெய் அளவைப் பார்க்கவும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது; முழுவதையும் மாற்றிவிடுங்கள்.